துவக்கின் கறுப்பு

சாகாமத்திலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் வழியில், வயலை ஒட்டினாற்போல ஒரு வீடு உண்டு. எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் வீடு அது. அவ்வீட்டு அடுப்படியில் நெருப்பு ஊதும் குழல் மூங்கிலால் ஆனதன்று. இரும்புக் குழல், ஒன்றரை முழ நீளம் இருக்கும். ஒரு முனை வாளால் அறுக்கப்பட்டுள்ளது. அதை வெயிலை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், உள்ளே இடப்புறமாகத் திருகிச் செல்லும் ஐந்து வரிகள் மங்கலாகத் தெரிகின்றன. காட்டுப் பன்றி விரட்டும் இடியன் துவக்கின் குழலில் இத்தகைய வரிகள் இரா. இஃது ஒரு பட்டாளத்து ரைபிளின் குழல். இங்கிலாந்தின் லீ-என்பீல்ட் வகையைச் சேர்ந்தது என்று கொள்வதற்கு அவ்வரிகளே இடந்தருகின்றன.

அவனுடைய மூத்தம்மாவிடம் கேட்டோம். “எங்கட வாப்பாட காலத்துச் சாமான் தம்பி. மண்வெட்டி மூணு தேஞ்சி போச்சி. இது அப்படியே கிடக்கு” என்றார். எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதெல்லாம் அவருக்கு நினைவில் இல்லை. அடுப்பெரிகிறது, அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மாணவனுக்கு அது போதவில்லை. “மண்வெட்டி கறள் புடிக்குது. இதுக்கு ஏன் சேர் புடிக்கல்ல?” என்று கேட்டான்.

நாம் தமிழ் கற்பிப்பவர். உரிச்சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்போம். இக்கேள்விக்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியரான நண்பரிடம் சென்றோம். பிறகு நூல்களைப் புரட்டினோம். ஒரு கிழவியின் அடுப்பங்கரையில் தொடங்கிய கேள்வி எம்மை இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கும், வங்காளத்தின் இச்சாப்பூருக்கும், டில்லியின் இரும்புத் தூணுக்கும் இழுத்துச் சென்றது. அவ்வழியில் கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

இரும்பைப் பற்றி எம் கரையோர மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திருக்கோவிலிலிருந்து கல்முனை வரை, கடற்காற்று படும் எந்த வீட்டிலும் கதவுக் கொண்டி இரண்டு மாரிக்கு மேல் தாங்குவதில்லை. காற்றில் உப்பு, நெல் வயலில் ஈரம், இரண்டும் சேர்ந்தால் இரும்புக்கு எமன். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் கிடக்கிறது. ஒரு பேரரசின் பல்லாயிரம் தொன் எஃகை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எம் கடல் மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது.

செந்நிறக் கறள் இரும்பின் மேல் ஒட்டி நிற்பதில்லை. இரும்பைவிட அது கூடுதலான இடத்தை அடைக்கும். ஆகவே புடைத்துப் பொருக்காகி உதிரும். உதிர்ந்த இடத்தில் ஈரம் மறுபடி உட்புகும். செம்பின் களிம்பு செம்பைக் காக்கிறது. இரும்பின் செங்கறளோ இரும்பைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் இரும்புக்கும் ஒட்சிசனுக்கும் வேறொரு கூட்டும் உண்டு. அது கறுப்பு. காந்தக் கல்லின் பொருளும் அதுவே. செறிவானது, இரும்போடு இறுகப் பற்றி நிற்பது. செங்கறள் உண்டாகும் பாதையை மறித்து, அதைக் கருங்கறளாக மாற்றிவிட்டால், இரும்பு தன் கறளைக் கொண்டே தன்னை ஓரளவு காத்துக்கொள்ளும். படைத்துவக்கின் கறுப்புக்கு இதுதான் முதற் சூத்திரம். பார்ப்பவர் பலர் அதனை மையென்றோ வண்ணமென்றோ எண்ணுகின்றனர். பழைய துவக்குகளைப் பொறுத்தவரை அது கறளேயன்றி வேறில்லை, அடக்கப்பட்ட கறள்.

துவக்கு எப்போதும் கறுப்பாக இருந்ததா? இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பட்டாளத்தின் துவக்குக் குழல்கள் பெரும்பாலும் வெள்ளி போல மினுக்கப்பட்டன. சிவப்புச் சட்டை, வெள்ளைப் பட்டி, மின்னும் இரும்பு. எதிரியையும், எதிரியைவிட அதிகமாக ஏழை மக்களையும் மிரட்டுவதற்கான அணிகலன்கள் அவை. மினுக்கும் வேலை சிப்பாயினுடையது. செங்கற் பொடியும் எண்ணெயும் கொண்டு அவன் நாள்தோறும் தேய்த்தான். தேய்த்துத் தேய்த்துக் குழலின் சுவரே மெலிந்துபோனது என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது. அணிவகுப்பின் அழகுக்காக ஆயுதத்தையே தேய்த்து அழித்த அந்த அறிவை என்னவென்பது!

1800இல் ஏற்கப்பட்ட பேக்கர் ரைபிளோடு இங்கிலாந்தில் மாற்றம் வருகிறது. அதை ஏந்தியவர்கள் வரிசையில் நின்று சுடுபவரல்லர், மறைந்து குறிபார்ப்பவர். மறைந்திருப்பவன் கையில் மின்னும் இரும்பு காட்டிக்கொடுக்கும். எனவே குழலுக்குப் பழுப்பேற்றினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் மற்றத் துவக்குகளுக்கும் அவ்வழக்கம் பரவிற்று. அன்று முதல் படைத்துவக்கு மினுங்குவதை விட்டு மறையக் கற்றுக்கொண்டது.

பழுப்பேற்றும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைக்கலக் கையேடுகளில் அதன் சேர்மானம் விவரமாக உள்ளது: நைத்திரிக் அமிலம், மதுசாரம், இரும்புக் குளோரைட்டுச் சாறு, மயில்துத்தம், சவ்வீரம், தண்ணீர். இவற்றுள் மயில்துத்தமும் சவ்வீரமும் எம் வைத்தியர்களின் பெட்டியில் இருந்த பெயர்கள். நாம் மருந்தென்றும் நஞ்சென்றும் அறிந்த சரக்குகளையே அங்கே துவக்குக்குத் தோல் போடப் பயன்படுத்தினர்.

முதலில் குழலின் இரு வாய்களையும் மரக்கட்டையால் அடைப்பார்கள். சாறு உள்ளே புகாதிருக்கவும், கைபடாமல் தூக்கவும் அக்கட்டை உதவும். பிறகு சுண்ணாம்பு தேய்த்து எண்ணெய்ப் பசையை அகற்றுவார்கள். ஒரு விரல் பட்டாலும் அவ்விடத்தில் நிறம் பிடிக்காது. அதன்மேல் துணியால் அந்தச் சாற்றைத் தடவி ஈரமான அறையில் ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் குழல் முழுதும் செம்பஞ்சு போலக் கறள் பூத்திருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவார்கள். உதிர்வது உதிரும், ஒட்டியது நிற்கும். மீண்டும் தடவல், மீண்டும் ஒரு நாள், மீண்டும் சுரண்டல். இப்படியே பல தடவை. கொதிநீரில் அமிழ்த்தினால் செந்நிறம் கறுப்பாக மாறும். இறுதியில் எண்ணெய். ஒரு குழலுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ‘பழுப்பேற்றல்’ என்ற பெயரே நிலைத்துப்போனதால், நிறம் கறுப்பான பின்னும் ஆங்கிலேயத் தொழிற்சாலைகளில் அதே பெயரால் அழைத்து வந்தார்கள்.

அந்த ஈர அறையிலே நின்ற தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். கறள் நன்றாகப் பிடிக்க வேண்டுமாயின் அறையில் ஈரமும் வெப்பமும் வேண்டும். காற்றிலே அமில ஆவி. தூரிகையிலிருந்து எழும் தூளிலே பாதரசம் கலந்த கறள். பாதரசம் ஈறைக் கெடுக்கும். கையை நடுங்க வைக்கும். தொப்பி செய்யும் தொழிலாளரிடம் அந்த நடுக்கத்தை ஐரோப்பிய மருத்துவர்கள் நன்கறிந்திருந்தார்கள். அணிவகுப்பைப் பார்க்க வந்த சீமாட்டிகள் அந்தக் குழலின் மென்கறுப்பை வியந்தபோது, அதை உண்டாக்கிய கைகளைப் பற்றி எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கலை மேலைநாட்டாருக்கே உரியது என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. கொழும்பு தேசிய நூதனசாலையில் பழைய சிங்களத் துவக்குகள் வைக்கப்பட்டுள்ளன. பின்பிடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். சுடுபொறி இடப்புறத்தில் அமைந்திருக்கும். தந்தமும் வெள்ளியும் பதித்த வேலைப்பாடு. இலங்கைக் கொல்லரின் துவக்கு வேலையைப் போர்த்துக்கேயரே புகழ்ந்து எழுதி வைத்தார்கள். அவர்களிடமிருந்து கற்று அவர்களுக்கே நிகராகச் செய்த கொல்லர் பரம்பரை இது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்து, 1818இல் ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி நசுக்கப்பட்ட பின் அக்கைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. எம் சாகாமத்துக்கு மேற்கே தெரியும் மலைகளுக்கப்பால் நடந்த கதை அது.

இந்தியாவிலோ வேறு வகையாக நடந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படுவது என்பீல்ட் ரைபிளின் தோட்டாவில் தடவிய கொழுப்பு. கிளர்ச்சி அடங்கியதும் ஆட்சியாளர் செய்த முதற் காரியங்களில் ஒன்று, இந்தியச் சிப்பாயின் கையில் வரியில்லாத, குறிதவறும் குழலைக் கொடுத்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு ஒன்று, கறுத்த சிப்பாய்க்கு ஒன்று. 1878இன் ஆயுதச் சட்டம் பொது மக்களின் துவக்கை உரிமப் பத்திரத்துக்குள் அடைத்தது. அதே அரசுதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹூக்ளி நதிக்கரையில், 1857இன் முதற் பொறி பறந்த பாரக்பூருக்கு அயலிலேயே, இச்சாப்பூரில் ரைபிள் தொழிற்சாலையைத் திறந்தது. அதற்கு முன் அவ்விடத்தில் கம்பனியின் வெடிமருந்துச் சாலை இருந்தது. மக்கள் துவக்கு வைத்திருக்கக் கூடாது. ஆனால் துவக்குச் செய்யலாம். ஏகாதிபத்தியத்தின் தருக்கம் அப்படி.

இச்சாப்பூரில் செய்யப்பட்டது 1907இல் வகுக்கப்பட்ட மூன்றாம் குறி லீ-என்பீல்ட். .303 அங்குலத் துளை. இங்கிலாந்தின் என்பீல்டில் செய்த அதே வடிவம், அதே கறுப்பு. ஆயினும் அங்கேயும் ஒரு வேறுபாட்டைப் புகுத்தினார்கள். பொலிசாருக்கும் சிறைக் காவலருக்குமாக அந்த ரைபிள்களில் ஒரு பகுதியைக் குடைந்து வரியழித்து, .410 அளவுள்ள ஒற்றைத் தோட்டாத் துவக்காக மாற்றினார்கள். தோட்டாப் பெட்டிக்குள் மரக்கட்டை செருகி அடைத்தார்கள். வெளிக் கறுப்பில் எந்த வேற்றுமையும் இல்லை. எதிரே நிற்கும் கூட்டத்துக்கு அது ரைபிளாகவே தோன்றும். ஏந்தி நிற்கும் இந்தியன் ஒருவேளை அதைத் திருப்பிப் பிடித்தால் ஒரு வெடிக்கு மேல் வெடிக்காது. தோல் ஒன்று, உள்ளம் வேறு என்று பேச்சு வழக்கில் சொல்வோமே, அதை இரும்பிலே செய்து காட்டியவர்கள் அவர்கள்.

முதலாம் உலக யுத்தம் வந்ததும், ஒரு வாரம் காத்திருந்து கறள் பூக்கவிடும் பொறுமை எவருக்கும் இல்லாமல் போயிற்று. இலட்சக்கணக்கில் ரைபிள் வேண்டும். அதுவும் இன்றே வேண்டும். அதற்கான வழி முன்னரே திறந்திருந்தது. பர்மிங்காம் நகரைச் சேர்ந்த தோமஸ் உவாட்ஸ் கொஸ்லெட் என்பவர் 1906இல் ஒரு காப்புரிமை பெற்றிருந்தார். பொசுபோரிக் அமிலத்தில் இரும்புத் தூளைக் கலந்து காய்ச்சி, அதிலே இரும்பை அமிழ்த்தினால் மேலே ஒரு சாம்பல் நிறப் படலம் உண்டாகும் என்பது அவர் கண்டது. பின்னர் மங்கனீசும் சேர்த்த சேர்மானம் பிறந்தது. அவ்வுரிமைகளை விலைக்கு வாங்கி 1915இல் டெட்ராயிட்டில் ஒரு கம்பனி தொடங்கியவர் பெயர் பார்க்கர். இன்றுவரை ‘பார்க்கரைசிங்’ என்று அவர் பெயரே வழங்குகிறது. கண்டவரின் பெயர் மறைந்து வாங்கியவரின் பெயர் நின்றுவிட்டது. முதலாளித்துவ வரலாற்றில் இது புதுமையன்று. ஆயினும் குறித்து வைக்கிறோம்.

அதன் இயக்கம் இதுதான். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, தொண்ணூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீர்க்கரைசல் இருக்கும். எஃகை இட்டதும் அமிலம் இரும்பைக் கடிக்கும். ஐதரசன் குமிழ்கள் சீறிக்கொண்டு எழும். கடிபட்ட இடத்தில் அமிலத்தின் வலிமை குன்றும். அப்போது கரைசலில் இருந்த பொசுபேற்று அங்கேயே நுண்ணிய பளிங்குகளாகப் படியும். இரும்பு முழுதும் மூடப்பட்டதும் குமிழ் அடங்கும். குமிழ் நின்றால் வேலை முடிந்தது என்று தொழிலாளி அறிவான். கொஸ்லெட்டின் பழைய முறையில் இதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். சேர்மானம் திருந்தத் திருந்த நேரம் சுருங்கிச் சில நிமிடங்களாயிற்று. ஒரு வாரம் எங்கே, சில நிமிடம் எங்கே!

அந்தப் படலத்துக்கு அழகில்லை. சொரசொரப்பானது, ஒளியை விழுங்குவது, அழுக்குச் சாம்பல் நிறம். அந்தச் சொரசொரப்பிலேதான் அதன் சக்தி இருக்கிறது. பளிங்குகளின் இடுக்கில் எண்ணெய் தங்கும். பஞ்சு தண்ணீரை வைத்திருப்பதைப் போல அது எண்ணெயை வைத்திருக்கும்; கறள் உட்புக இடங்கொடாது. அமெரிக்கத் துவக்குகள் சிலவற்றில் காணும் பச்சை சாயல், பல ஆண்டுகள் அந்தப் பளிங்கில் ஊறிய பாதுகாப்பு எண்ணெயால் வந்தது என்பர்.

இவ்விடத்தில் டில்லியின் இரும்புத் தூணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குப்தர் காலத்தது, ஆயிரத்து அறுநூறு ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரும்பாலும் கெடாதது. 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கான்பூர் தொழில்நுட்ப நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதன் மேற்படலத்தை ஆராய்ந்து, அங்கே பொசுபேற்றுப் படலம் ஒன்று இருப்பதை எடுத்துக்காட்டினார். பண்டைக் கொல்லர் இரும்பை உருக்கும்போது சுண்ணாம்பு சேர்க்கவில்லை. ஆகவே பொசுபரசு இரும்பிலேயே தங்கிவிட்டது. அது மெல்ல மெல்ல வெளிவந்து தூணுக்குத் தோலாயிற்று. அவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று வீறாப்புப் பேச நாம் முன்வரவில்லை. பழம்பெருமை பேசுவோர் அதைச் செய்துகொள்ளட்டும். ஆனால் பர்மிங்காமில் காப்புரிமை பெற்ற ஒன்று, காப்புரிமை என்ற சொல்லே பிறக்காத காலத்தில், பெயர் தெரியாத கொல்லரின் உலையிலிருந்து வந்த இரும்பில் தானே விளைந்திருக்கிறது என்பது மாணவர்களுக்குச் சொல்லத்தக்க செய்தியே.

துணிச் சாயத்திலும் இரும்பின் கறுப்பு உண்டு. கலங்காரிக் கைவினைஞர் பழைய இரும்பை வெல்ல நீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். கடுக்காயில் தோய்த்த துணியில் அதனால் கோடிழுத்தவுடன் கோடு கறுக்கிறது. அழியாத கறுப்பு. இரும்பை இப்படியும் பயன்படுத்தலாம்.

மீண்டும் துவக்குக்கு வருவோம். பொசுபேற்றுப் படலம் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் இரும்பின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். அதற்காக அழுத்தக் காற்றில் மணலை வீசியடிப்பார்கள். மணலில் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி அதைக் கல்லாக்கிவிடும். அந்நோய்க்கு இன்றும் மருந்தில்லை. இங்கிலாந்தில் இவ்வேலைக்கு மணலைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் விதிகள் வந்தது 1949இல். இரண்டு உலக யுத்தங்களுக்கும் வேண்டிய துவக்குகள் எல்லாம் செய்து முடிந்த பிறகு! அண்மைக் காலத்தில் துருக்கியில் நீலக் காற்சட்டைக்குப் பழைய தோற்றம் கொடுப்பதற்காக அதே மணலை வீசிய இளைஞர்கள் அதே நோயால் மாண்டார்கள். 2009இல் அங்கே அது தடை செய்யப்பட்டது. துவக்கு போய்க் காற்சட்டை வந்தது, தூசி மாறவில்லை.

வேறொரு முறையும் யுத்த காலத்தில் பரவிற்று. காஸ்டிக் சோடாவையும் நைத்திரேற்று உப்பையும் செறிவாகக் கரைத்து, நூற்று நாற்பது பாகை வரை காய்ச்சி, அதிலே எஃகை இட்டால் அரை மணி நேரத்துக்குள் நீலக் கறுப்பு ஏறிவிடும். சாதாரண நீர் நூறு பாகையில் கொதிக்கும். இந்தக் கரைசலோ அதற்கு மேலும் நாற்பது பாகை சூட்டில் நிற்பது. அதிலே ஒரு குவளை தண்ணீரைக் கவனமின்றி ஊற்றினால், அது அக்கணமே ஆவியாகிக் காரத்தைத் தொழிலாளியின் முகத்திலே வீசும். பட்ட இடத்துத் தோல் வெந்து கரையும். இப்படிப் பெற்ற நீலம் மிக அழகானது என்பதை மறுப்பதற்கில்லை. வேட்டைக்குச் செல்லும் செல்வந்தர் இன்றும் விரும்புவது இந்த நீலத்தைத்தான்.

இரண்டாம் யுத்தம் முடிந்தபின் பிரித்தானியப் பட்டாளம் பொசுபேற்றின் மேல் ‘சன்கொரைட்’ என்னும் கறுப்பு வண்ணத்தைப் பூசிச் சூளையில் சுட்டது. அடக்கப்பட்ட கறளாய் இருந்த கறுப்பு இங்கே உண்மையிலேயே வண்ணமாகிவிட்டது. தேய்ந்து நொந்த ரைபிள்களைத் தொழிற்சாலைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, பகுதிகளை மாற்றி, மறுபடி தோல் போர்த்து அனுப்பினார்கள். இச்சாப்பூரிலும் அவ்வாறே நடந்தது. ஆகவே பழைய ரைபிள் ஒன்றை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது ஓர் ஏட்டுச் சுவடி. மேலே வண்ணம், கீழே சாம்பற் பளிங்கு, அதற்கும் கீழே, சுரண்டப்படாமல் எஞ்சிய மூலையில், முதற் காலத்துக் கருங்கறள். இரும்பில் குத்திய முத்திரையும் அப்படியே மாறிச் செல்கிறது. 1947க்கு முன் கிரீடமும், பேரரசரான ஜோர்ஜைக் குறிக்கும் மூன்று எழுத்துகளும். பின்னர் அசோகச் சிங்கம். முத்திரை மாறியது, நாடு விடுதலை பெற்றது. தொட்டியிலே கொதித்த கரைசல் மட்டும் அப்படியே கொதித்தது. 1962இல் சீன எல்லைப் போர் நடந்த பின், அதே லீ-என்பீல்ட் வடிவத்தை 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி இச்சாப்பூர் மேலும் பல ஆண்டு செய்தது. வேறு நாடுகள் கைவிட்ட வடிவத்தைப் புதிதாகச் செய்த கடைசிப் பெருந்தொழிற்சாலைகளில் அது ஒன்று. தமிழகத்தின் திருச்சிராப்பள்ளியிலும் 1960களில் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது.

எம் நாட்டில் இந்தக் கறுப்பு யாரை நோக்கித் திரும்பிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1915இல் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதை அடக்குவதாகச் சொல்லி இராணுவச் சட்டம் பிறப்பித்த ஆங்கில அரசு, விசாரணை என்ற பேருக்குக் கூடத் தகாத முறையில் சிங்கள மக்களைச் சுட்டது. பாதிக்கப்பட்ட முஸ்லிமுக்கும் அதனால் நீதி கிட்டவில்லை. சுடப்பட்ட சிங்களவனுக்கும் கிட்டவில்லை. 1940ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளரிடையே கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். 1947 யூன் 5ஆம் நாள் கொழும்பில் வேலைநிறுத்த ஊர்வலத்தில் எழுதுவினைஞர் கந்தசாமி விழுந்தார். 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள், அரிசி விலையேற்றத்துக்கு எதிரான ஹர்த்தாலில் பலர் விழுந்தனர். சிங்களவர், தமிழர் என்ற பேதத்தைக் குண்டு பார்க்கவில்லை. கூலிக்காகக் கேட்டவனையும் அரிசிக்காகக் கேட்டவனையும் அது ஒரேவிதமாகப் பார்த்தது.

அதன் பின் வந்த காலத்தை எம் கரையோரத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. லீ-என்பீல்ட் போய்ச் சீனத்து ரி-56 வந்தது. 1990இல் இக்கரையில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் தத்தம் சடலங்களை அடக்கம் செய்தன. 2009இல் யுத்தம் முடிந்தது. எம் வகுப்பில் இன்று இருக்கும் பிள்ளைகள் அதன் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் துவக்கைக் காவலரணில் மட்டும் காண்கிறார்கள். அதன் கறுப்பைக் கறுப்பாகவே காண்கிறார்கள்.

அந்தக் கறுப்பை ஏற்றிய தொழிலாளியின் நிலை இப்போது என்ன? இச்சாப்பூரும் திருச்சிராப்பள்ளியும் நேற்றுவரை இந்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலைச் சபையின் கீழ் இருந்தன. 2021 அக்டோபர் 1ஆம் நாள் அச்சபை கலைக்கப்பட்டு ஏழு கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. தொழிலாளர் எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். உடனே அவசரச் சட்டம் ஒன்றும், அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் பாராளுமன்றச் சட்டமொன்றும் வந்தன. பாதுகாப்புத் தொழிலில் வேலைநிறுத்தம் செய்வதைக் குற்றமாக்கும் அதிகாரத்தை அவை அரசுக்குக் கொடுத்தன. இரும்பு கறள்பிடிக்காமல் காத்தவர்களுக்குத் தம் கூலியையும் வேலையையும் காத்துக்கொள்ள வாய் திறக்கும் உரிமை இல்லாமற் செய்யப்பட்டது.

பொசுபேற்றுப் படலம் யுத்தத்துக்கு மட்டுமே பயன்பட்டது என்று நாம் சொல்லவில்லை. மோட்டார் வண்டியின் உடலுக்கும், குளிர்ப்பெட்டிக்கும், சைக்கிளுக்கும் வண்ணம் பூசுமுன் அதே பொசுபேற்றுக் குளியல் உண்டு. எம் மாணவர்கள் சாகாமத்திலிருந்து பாடசாலைக்கு மிதித்து வரும் சைக்கிள் கடற்காற்றில் சில ஆண்டாவது தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மண்வெட்டிக்கு அது எட்டவில்லை. சந்தையில் வாங்கும் மண்வெட்டியின் மேல் ஒரு மெல்லிய வண்ணப் பூச்சுண்டு; முதல் வரம்பு வெட்டும்போதே அது போய்விடும். வெட்டும் கருவியின் வாய் தேய்ந்தே தீரும், எந்தப் படலமும் அங்கே நில்லாது என்று விஞ்ஞான நண்பர் சொன்னார். அது நியாயமே. ஆனால் அதன் கழுத்துக்கும் பூணுக்கும் என்ன? கொஸ்லெட் காப்புரிமை பெற்று நூறாண்டு கடந்தும் அந்தக் கேள்வியை எந்தத் தொழிற்சாலையும் கேட்கவில்லை. மண்வெட்டி வாங்குபவன் ஒப்பந்தம் போடும் அரசு அல்லன் என்பதனால் போலும். எம் விவசாயி தன் முறையிலே செய்கிறான். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி அடுப்பங்கரையில் சாத்தி வைக்கிறான். புகையும் எண்ணெயும் சேர்ந்து கறுத்த ஒரு தோலை அதற்குக் கொடுக்கின்றன. பழுப்பேற்றும் சாலையின் இறுதிக் கட்டமும் எண்ணெய்தானே.

விடையோடு மறுபடி அந்த வீட்டுக்குச் சென்றோம். மாணவன் குழலை எடுத்து வந்தான். அவனிடமே பார்க்கச் சொன்னோம். வெளிப்புறம் முழுதும் கறுப்பு. ஓரிடத்தில் கறுப்புத் தேய்ந்து சாம்பல் தெரிந்தது. உள்ளே, வரிகள் இருக்குமிடத்தில், செம்பொருக்கு. குழலின் உட்புறத்துக்கு எவரும் அந்தத் தோலைப் போடுவதில்லை. சுட்டபின் எண்ணெய்த் துணியிழுத்துத் துடைப்பதே அதற்குக் காவல். ஊதும் மூச்சின் ஈரம் அங்கே தன் வேலையைச் செய்திருந்தது. பிறகு வாளால் அறுத்த முனையைத் திருப்பிக் காட்டினான். அறுபட்ட வட்டத்தின் விளிம்பு மட்டும் எம் வீட்டுக் கதவுக் கொண்டியைப் போலவே செக்கச் சிவந்திருந்தது.

“அதில தான் நான் எண்ணெய் தடவுறேன்” என்றார் மூத்தம்மா. குழலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மாலைத் தேநீருக்கு அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது.